கால்வாய்க்கு அந்தப் பக்கம்

மார்ச் 3

அக்காவின் விண்ணப்பம் மூன்றாவது தடவையாகத் திரும்பியது. "கிடங்கு மண்டலம். குடியிருப்புக் கட்டுமானத்துக்கு அனுமதி இல்லை." நகரமைப்பு அலுவலகத்தில் அந்த முத்திரையைக் குத்துவது என் வேலை. சொந்த அக்காவுக்கே குத்தினேன்.

மாளிகையா கேட்டாள்? கீழே ஒரு அறை, ஒரு குளியலறை. பக்கவாதம் வந்து அத்தான் மாடியிலேயே கிடந்து நாலு மாதம் ஆகிறது.

மார்ச் 4

போனில் அக்கா: "உள்ளேயே உட்கார்ந்திருக்கே, ஒரு கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதாடி?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 6

அத்தானைப் பார்க்கப் போனேன். "வாங்க ஜெயிலர் அம்மா" என்றார். கை கால்தான் விழுந்தது, வாய் விழவில்லை.

கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். கீழே கால்வாய் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. அக்கரையில் வரிசையாகக் கிடங்குகள். நடுவே எங்கள் வீடு, மொட்டைமாடித் தூண்களில் கம்பி நீட்டிக்கொண்டு.

"கால்வாய்க்கு அந்தப் பக்கம்தானே கிடங்கு? நாங்க இந்தப் பக்கம். எங்களை எப்படிம்மா அதுல சேர்த்தீங்க?"

நான் மண்டல வரைபடத்தில் இருக்கும் நிறத்தைப் பார்த்துக் குத்துகிறவள். கால்வாயை யார் பார்த்தது?

மார்ச் 7

பழைய மண்டல அறிவிப்பைத் தேடி எடுத்தேன். 'கால்வாயின் நடுக்கோடே எல்லை. மேற்கே குடியிருப்பு, கிழக்கே கிடங்கு.' படத்திலோ கோடு பாம்பு மாதிரி இரண்டு வளைவு வளைகிறது. கால்வாயை நேராக்குவதற்கு முந்தைய நில அளவைத் தாளை அடியில் வைத்து நகலெடுத்திருக்கிறார்கள்! எந்த முட்டாள் என்று ஓரத்துக் கையெழுத்தைப் பார்த்தேன்.

என்னுடையது.

மார்ச் 8

ஞாபகம் வந்துவிட்டது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிது. புதுத் தாள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். "கால்வாய் எங்கே ஓடியா போகப் போகுது?" என்று பழையதையே வைத்து வரைந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 10

சரியான தாளில் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். முதல் வளைவு நேரானதும் அக்கா தெருவில் பதினோரு வீடு கிடங்கு மண்டலத்திலிருந்து வெளியே வந்தது. அடுத்த வளைவும் நேரானது. எங்கள் வீடு கிடங்குக்குள் போயிற்று.

நாலு தடவை அழித்து வரைந்தேன். என்னைக் கேட்டா ஓடும் கால்வாய்?

மார்ச் 11

இவரிடம் சொன்னேன். மகளுக்காக மாடி எழுப்பலாம் என்றுதான் இந்த வீட்டையே வாங்கினோம். அவள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டோம்.

"உனக்கென்ன கிறுக்கா? பதினாறு வருஷமா எவனும் பார்க்கலை. வாயை மூடிக்கிட்டு இரு."

"அத்தான்?"

"வேற வீடு பார்க்கட்டும்."

அக்கா வீட்டை யார் வாங்குவார்கள்? விற்கவும் முடியாது, கட்டவும் முடியாது. சொன்னால் அதே கதி எங்களுக்கு. சொல்லாவிட்டால் அவர் மாடியிலேயே கிடப்பார். ஐயோ, எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

மார்ச் 14

ஒன்றும் செய்யவில்லை. அக்கா போன் செய்தாள்; நான் எடுக்கவில்லை — எடுக்க முகமில்லை.

மார்ச் 17

அத்தானை நாற்காலியோடு இறக்கப் பார்த்தார்களாம். படி திரும்புகிற இடத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அக்கா சொன்னாள்: "கிண்டல் பண்ணலைடி. ஒரு வார்த்தை பேசலை. அதான் பயமா இருக்கு."

மார்ச் 18

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'பிழை என்னுடையது.'

அதிகாரி படத்தை விரித்தார். "உன் வீடு எங்கேம்மா?" விரலை வைத்துக் காட்டினேன். "யோசிச்சுத்தான் கொடுக்கறியா?"

"யோசிச்சா கொடுக்க மாட்டேன் சார். சீக்கிரம் வாங்கிக்குங்க."

ஜூலை 2

திருத்தம் வெளியானது. என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. விஷயம் தெரிந்து இவர் பேச்சை நிறுத்தி மூன்று வாரம்.

செப்டம்பர் 21

அக்கா வீட்டுக் கீழறை முடிந்தது. நாலு பேர் அத்தானைத் தூக்கி இறக்கினார்கள். வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்தார். வயிறு குளிர்ந்தது.

அலுவலகத்துக்குப் போனால் மேஜையில் ஒரு விண்ணப்பம். மாடியில் ஒரு அறை. இவர் கையெழுத்து. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'கிடங்கு மண்டலம். அனுமதி இல்லை' என்று குத்தினேன். தபாலில் போக விடாமல் நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

வாங்கிப் படித்தார். பழைய பெயிண்ட் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏணி வைத்தார். கம்பிகளின் மேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். துருப் பிடிக்கக் கூடாதாம். "கோடு இன்னொரு தடவை மாறாமலா போயிடும்?" என்றார் மேலேயிருந்து.

அடுத்த திருத்தம் பத்து வருஷம் கழித்துத்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.