வந்தவருக்கு ஊற்றிய தண்ணீர்

என் செல்ல மெஹ்ருவுக்கு,

நலமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. உன்னை அடக்கம் செய்த இடத்துக்குப் பெண்கள் போவதில்லை என்று உன் வீட்டுக்காரர் பஷீர் பாய் சொல்லிவிட்டார். அதனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை இப்படி நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். படிக்கட்டுமே. நம் தெரு நாற்றம் ஏற்கெனவே ஆம்பூர் முழுக்கத் தெரிந்ததுதான்.

அந்த நாற்றம் இன்னும் போகவில்லை, மெஹ்ரு. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரெல்லாம் வந்து சேருமே சுத்திகரிப்பு நிலையம், அங்கே சேற்றுத் தொட்டியின் சுவர் மழையில் இடிந்து, உள்ளே இருந்ததெல்லாம் நம் தெருவுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டாய். முட்டிவரை நீலமும் கறுப்புமாகச் சேறு. வெளியே தெரிந்ததை மட்டும் பொக்லைன் வைத்து வாரிக்கொண்டு போனார்கள். மண்ணுக்குள் இறங்கியதை யார் வாருவது? இன்றைக்கும் போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கிறது. பருப்பு வேக மாட்டேன் என்கிறது. டீக்குப் பால் ஊற்றினால் திரிந்து போகிறது. அதைத்தான் குடும்பம் குடும்பமாகக் குடித்தோம்.

சுவர் இடிந்த பிறகு லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள். அந்த லாரிக்காக நீயும் நானும் குடத்தோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! நான் ஷூ கம்பெனிக்குப் போன நாளில் என் குடத்தையும் நீயே நிரப்பி வைப்பாய். "வசந்தாக்கா, உன் கொடத்த நகத்துறதுக்குள்ள அந்த மூணாவது வூட்டுக்காரி என் முடிய புடுங்கிட்டா" என்று சிரிப்பாய். லாரித் தண்ணீரும் அமிர்தமில்லை. ஆனால் குடித்தால் வாய் கசக்காது.

அப்புறம்தான் அந்த அதிகாரி வந்தார். லாரி இன்னும் தேவையா இல்லையா என்று பார்த்து எழுத வந்தவர். அன்றைக்கு நீ செய்ததை நினைத்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நம் தெருவில் ஒரு பழக்கம் உண்டே. வீட்டில் இருப்பவர்களுக்கு லாரித் தண்ணீர், அது தீர்ந்தால் போர் தண்ணீர். கடையில் வாங்கும் கேன் தண்ணீர் மட்டும் விருந்தாளிக்கு. உன் வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும் அப்படித்தான். யாராவது வந்து அந்தப் போர் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டால் நம் மானம் போய்விடுமாம். கை கால் வீங்கி, முகம் ஊதிக் கிடந்த நீ எழுந்து போய், கேனைச் சாய்த்து, பளபளவென்று தேய்த்த சொம்பில் ஊற்றிக் கொண்டு வந்தாய். "வெயில்ல வந்திருக்கீங்க சார், குடிங்க." அவர் ஒரே மூச்சில் குடித்தார். "தண்ணி ருசியாத்தானே இருக்கு" என்றார். கூட வந்தவர் எழுதிக்கொண்டார். நீ பெருமையாகச் சிரித்தாய்.

அந்த மாதமே லாரி நின்றது.

அது உன் சொம்பால்தான் நின்றது என்று நான் சொல்லவில்லை. நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நாம் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கையில் கொடுத்தோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உனக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்றார்கள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். இரண்டும் இல்லை. நான் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா நல்லவர்தான், பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம்மா. ஆனா தண்ணியாலதான்னு என்னால எழுதித் தர முடியாது" என்றார். யாராலும் எழுத முடியாத ஒன்றால்தான் நம் தெருவில் இத்தனை பேர் சாகிறோமா?

நீ போன அன்று நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். உன்னைக் குளிப்பாட்ட ஜமாத்திலிருந்து வந்த பெரியம்மா, தொட்டித் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு உதறினார். "யா அல்லா, இந்தத் தண்ணில எப்படிம்மா இவள கழுவறது?" பஷீர் பாய் ஓடிப்போய்க் கேன் கேனாக வாங்கி வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான்தான் ஒவ்வொன்றாக உள்ளே நகர்த்தினேன். உயிரோடு இருந்தபோது நீ ஒரு டம்ளர் ஊற்றிக் குடிக்காத தண்ணீர், மெஹ்ரு. உன் மேல் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. அந்தச் சுவரைக் கட்டியவன் மேல், இடிந்ததைப் பார்க்க வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனவர்கள் மேல், கேனை மூலையில் வைத்து அழகு பார்த்த நம் மேலும்தான்.

உன் மகள் சபிஹா இப்போது இங்கே இல்லை. பயப்படாதே, நன்றாக இருக்கிறாள். ஆலங்காயத்தில் உன் நாத்தனார் வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். "அவ அம்மா போனது போதும்க்கா, இவளையும் இந்தத் தண்ணிக்கு குடுக்க மாட்டேன்" என்று உன் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விட்டார். போனில் பேசும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்: "பெரிம்மா, லாரி வந்துச்சா? நான் எப்ப வர்றது?"

தெருவே திரண்டு மனு கொடுத்தோம். போன வாரம் அதே அதிகாரி மறுபடி வந்தார். வருகிறார் என்று தெரிந்ததுமே பஷீர் பாய் கேன் சொல்லப் போனார். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் பாய்."

"இன்னாக்கா நீ? வந்தவங்க மூஞ்ச பாத்து அந்த போர் தண்ணிய எப்படிக்கா நீட்றது? பாவம்க்கா."

"அதையும் நீட்ட வேணாம். எதையும் நீட்ட வேணாம்."

அவர் கையை விடுவித்துக்கொண்டு போனார். ஆனால் கேன் வரவில்லை.

அக்னி வெயில். அதிகாரி தெருவெல்லாம் நடந்துவிட்டு உன் வாசலில் வந்து நின்றார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தோம். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. வந்தவரை வெயிலில் நிறுத்தி, வாய் நனைக்கக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? என் காலே தன்னால் உள்ளே போகப் பார்த்தது.

அவரே கேட்டார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? போன தடவ இந்த வீட்ல ஒரு அம்மா குடுத்தாங்களே."

"அவங்க மௌத்தாயிட்டாங்க சார்" என்றார் பஷீர் பாய்.

"அடடா."

"அன்னிக்கு அவ உங்களுக்கு குடுத்தது கேன் தண்ணி சார். உங்களுக்குன்னு எடுத்து வெச்சது. அவ குடிச்சது அதோ, அந்த போர் தண்ணி. இன்னிக்கு உங்களுக்கு குடுக்க எங்ககிட்ட தண்ணி இல்ல. மன்னிச்சிக்குங்க."

யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன், அன்றைக்கும் உயர்த்தவில்லை.

அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? "இத அப்பவே சொல்லியிருக்கலாமே. லாரிய நிறுத்தியிருக்க மாட்டமே." சொல்லிவிட்டு வண்டியில் இருந்த தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். நாம் சொல்லாததுதான் குற்றமாம். பாட்டில் இல்லாமல் அவர் ஊரைவிட்டுக் கிளம்புவதே இல்லையாம். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவும் வாயில் ஈரமில்லை.

நேற்று லாரி வந்துவிட்டது. தெருவே கொண்டாடியது. "சபிஹாவ கூட்டியாந்துரட்டுமாக்கா?" என்று பஷீர் பாய் ஆசையாகக் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். இன்றைக்கு வந்த லாரியை நாளைக்கு இன்னொருவன் வந்து நிறுத்துவான். வெளியூரிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரும் குழாய் பக்கத்துத் தெருவரை வந்து நிற்கிறது. அது நம் தெருவுக்குள் வர வேண்டும். அதற்காக இனி வாரா வாரம் போய் அவர்கள் ஆபீஸ் வாசலில் உட்காரப் போகிறோம். ஷூ கம்பெனியில் லீவு கொடுக்காவிட்டாலும் உட்காருவேன்.

உனக்கு இது பிடிக்காது, தெரியும். வீடு தேடி வந்தவரை வறண்ட வாயோடு அனுப்பிவிட்டாயே என்று என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள். ஆனால் ஒன்று சத்தியம், மெஹ்ரு. உன் மகள் உன் வீட்டுக் குழாயைத் திறந்து, பயமில்லாமல், வயிறு முட்டக் குடிக்கிற வரைக்கும், இந்தத் தெருவைப் பார்வையிட வருகிற ஒருத்தருக்கும் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. தாகத்தோடு வரட்டும், தாகத்தோடு எழுதட்டும்.

உன் கூடப் பிறக்காத
வசந்தா அக்கா