ஐந்தாம் அத்தியாயம் சொல்லாதது

2025 பெப்ரவரி 3, பதுளை
இன்றும் பண்டாரவளைக்கு பஸ். ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவரின் போர் நினைவுகளைச் சிங்களத்திலிருந்து தமிழாக்குகிறேன். நான்கு அத்தியாயம் முடிந்தது. வன்னியில் இருபது டாங்கிகளை நடத்தியவர். "மூடியைச் சாத்தினால் உலகம் ஒரு கீறல்தான் மிஸ். வெளியே யார் கத்தினாலும் கேட்காது" என்றார். வீட்டில் அண்ணியிடம் என்ன புத்தகம் என்று நான் சொல்லவில்லை.

பெப்ரவரி 11
"குளக்கட்டுக்குக் கீழே பழைய நெல் ஆலையிலிருந்து துப்பாக்கிச் சூடு வந்தது. மூன்று டாங்கிகளுக்கு உத்தரவிட்டேன். எதிரி நிலை அழிந்தது." ஐந்தாம் அத்தியாயம். திகதியும் இருக்கிறது.

விஜேந்திரன் அண்ணன் அன்றைக்கு அந்த ஆலைக்கிணற்றுக்குத்தான் தண்ணீருக்குப் போனார். எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் தோட்ட லயத்தை எரித்த பிறகு வன்னியில் குடியேறியவர். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து அவர் மனைவி ஜீவராணி அண்ணி மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தார். பதினாறு வருடமாக அண்ணன் 'காணாமல்போனவர்'.

வேற ஆலையா இருக்காதா?

பெப்ரவரி 12
போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 17
கேட்டுவிட்டேன். ஆலைக்குள் யார் இருந்தார்கள், சேர்?

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "சாயங்காலம் இறங்கி நடந்து போனேன். துவக்கு, தோட்டா ஒன்றுகூட இல்லை. சனங்கள். தண்ணீர்க் கேன்கள்."

ஏன் எழுதவில்லை?

"எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன்."

முப்பது வருடம் பள்ளியில் படிப்பித்த சிங்களம் எனக்கு வரவில்லை. "எங்க அண்ணன் அங்கதான் தண்ணிக்குப் போனாரு" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்தது. எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை — கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்? அண்ணனின் பெயரைக் கேட்டார். பிறகு, கிழித்த அந்தப் பக்கத்தை அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன்.

பெப்ரவரி 18
அண்ணியிடம் சொன்னேன். கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"கேனெல்லாம் நெறஞ்சிருந்துச்சாமா?"

"கேக்கலியே அண்ணி."

"போகலன்னுதான் சொன்னாரு. பங்கர்ல பக்கத்துப் புள்ளைங்க தண்ணிக்கு அழுவுதுன்னு நாந்தான் வெரட்டி அனுப்புனேன்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை இன்றுதான் சொன்னார்.

ஏப்ரல் 27
அந்தப் பக்கத்தோடு அச்சிட எவரும் முன்வரவில்லை. அது இல்லாமல் அச்சிட ஜெனரல் விடவில்லை. கையெழுத்துப் பிரதி அவர் மேசையிலேயே கிடக்கிறது.

நாளை அண்ணனுக்குக் கருமாதி. அண்ணி வெள்ளைச் சேலை கேட்டார். பதினாறு வருடமாகக் கலர்ச் சேலைதான்; வீட்டில் வெள்ளை ஒன்றுமில்லை. பசாருக்குப் போய் வாங்கி வந்தேன். பிரித்து, தோளில் போட்டுப் பார்த்தார்.

"இது போதும் கலா" என்றார்.