மணிக்கூண்டும் உன் கறுப்பு ஸ்வெட்டரும்

அடியே,

கேமராப் பையின் அடியிலிருந்து உன் கறுப்பு ஸ்வெட்டரை எடுத்தேன். நீலகிரித் தைல வாசனை இன்னும் போகவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் நாம் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து, இரவுப் படம் என்றால் இருட்டுக்குள் போவது நீ, கேமரா பக்கத்தில் நிற்பது நான். ஈஸ்டருக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இனி இருட்டுக்குள் யார் போவது என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

ஒரு கல்லூரியின் பழைய மாணவிகள் வந்தார்கள். ஓய்வு பெறும் முதல்வருக்குப் பரிசாகத் தர, கல்லூரி மணிக்கூண்டை இரவில் படமெடுத்துக் கொடுக்க வேண்டுமாம். வாய் தவறிச் சரி என்றுவிட்டேன். இதை எடுக்க முடியாவிட்டால் இரவுப் படத்துக்கே கும்பிடு போட்டுவிடுவது என்றிருந்தேன்.

நம் வேலை உனக்குத் தெரியாததா? விளக்கையெல்லாம் அணைத்து, கேமராவை நெடுநேரம் திறந்துவைத்து, டார்ச் வெளிச்சத்தால் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாக மெழுக வேண்டும். கறுப்பு உடுத்தி நடந்துகொண்டே இருப்பவள் படத்தில் விழமாட்டாள். "நின்னா மாட்டினே. நடந்துகினே இருடி" என்பாய். அப்புறம் இருட்டிலிருந்து கத்துவாய்: "ஏய் பயந்தாங்கொள்ளி, இன்னிக்கு உன் வீட்ல என்ன கொழம்பு?" நான் பதில் சொல்லும்வரை விடமாட்டாய். தனியாக நிற்கிற எனக்குத் துணையாகத்தான் அந்தக் கத்தல்.

நேற்று பொழுது சாய்ந்ததும் கல்லூரி வாட்ச்மேன் விளக்கை அணைத்தார். "பேகா, சீக்கிரம் முடிச்சிடுங்கம்மா. மழை பேஞ்சிருக்கு, ஹாவு வரும். பாம்பும்மா, பாம்பு" என்று சொல்லிவிட்டு கேட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனுஷன், இதை விளக்கு எரியும்போதே சொல்லியிருக்கக் கூடாதா?

உன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கேமராவைத் திறந்துவிட்டு, புல்லுக்குள் இறங்கினேன். பாதிச் சுவர் மெழுகியிருப்பேன். காலடியில் ஏதோ சரசரவென்று ஓடியது. அப்படியே நின்றுவிட்டேன். டார்ச் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. கால் முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பாம்பைவிட, யாரும் எதுவும் கேட்காத அந்த அமைதிதான் அதிகம் பயமுறுத்தியது. ஓடிவிடலாம் என்று திரும்பினேன். கேமராவுக்குப் பக்கத்தில் யாருமில்லை.

என்ன தோன்றியதோ, தொண்டை கிழியக் கத்தினேன்: "இன்னிக்கு வீட்ல என்ன கொழம்பு?"

கேட்டிலிருந்து வாட்ச்மேன் பதறிப்போய்ப் பதில் கொடுத்தார்: "அவரேக்காய் சாரும்மா!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கால் நகர்ந்தது. "தொட்டுக்க என்ன?" என்று கேட்டபடியே மீதிச் சுவரையும் மெழுகி முடித்தேன். பாவம், அவரும் சளைக்காமல் பதில் சொன்னார்.

படத்தைப் பார்த்தால், ஒளிர்கிற சுவருக்கு முன்னால் கறுப்பாக ஓர் உருவம். பயந்து நின்ற இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பரிசுக்கு ஆகாது. திரும்பவும் போய், நிற்காமல் நடந்தபடியே இன்னொன்று எடுத்தேன். அதில் மணிக்கூண்டு மட்டும் சுத்தமாக இருக்கிறது. அதைக் கொடுத்துவிடுவேன்.

முதல் படம் என்னிடமே இருக்கட்டும். நாம் எடுத்த இரவுப் படங்கள் எல்லாவற்றையும் இன்று தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூட நீ இல்லை. ஒரு தடவையாவது பயந்து நின்றிருக்கக் கூடாதாடி?