வலையை அறுத்தவர் மீதே வேட்டை வழக்கு

அனுப்புநர்
சே. ஆல்வின், டிப்ளமோ (இயந்திரவியல்),
14, அந்தோணியார் கோயில் தெரு,
கருவேலேரி, தாம்பரம் கிழக்கு.

பெறுநர்
மாவட்ட வன அலுவலர் அவர்கள்,
மாவட்ட வன அலுவலகம்.

பொருள்: கருவேலேரியில் பறவை வேட்டை – வலையை ஒப்படைக்க வந்த திரு. சவுரிமுத்து மீது வழக்கு – இணக்கக் கட்டணத்தில் முடிக்காமல் முறையாக விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளர். சவுரிமுத்து என் தாய்மாமன், குட்டியானை என்கிற சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறார். சொந்தக்காரன் என்பதால் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கலாம். அதனாலும்தான். ஆனால் கீழே சொல்பவற்றை யாரும் சரிபார்க்கலாம்.

2. இம்மாதம் 3ஆம் தேதி காலை லோடு இறக்கிவிட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பியவர், கோரைக்கு நடுவே கட்டியிருந்த நைலான் வலையில் நீலத் தாழைக்கோழிகள் சிக்கியிருப்பதைப் பார்த்தார். கத்தியால் வலையை அறுத்தார். பறக்க முடிந்தவை பறந்தன. அடிபட்ட இரண்டை அட்டைப்பெட்டியில் வைத்து, வலையையும் வண்டியில் ஏற்றினார். போட்டோ எடுத்து, போன் செய்துவிட்டு அங்கேயே நின்றிருக்க வேண்டும். செய்யவில்லை. லோடு ஓட்டுபவர் பழக்கம் அப்படி. சரக்கை உரிய இடத்தில் இறக்கினால்தான் அவருக்கு வேலை முடிந்தது. நேரே வனச்சரக அலுவலகம் போனார். கதவு பூட்டியிருந்ததால் வாசலிலேயே காத்திருந்தார். அங்கேதான் வனத்துறையினர் அவரைக் கைது செய்து, வண்டியையும் வலையையும் கைப்பற்றினார்கள்.

3. அப்போது எழுதிய கைப்பற்றல் மகஜரில் 'ஏரிக்கரையில் தப்பியோட முயன்றபோது பிடிபட்டார்' என்று இருக்கிறது. அலுவலக வாசலில் கேமரா உள்ளது. இந்த வகை ரெக்கார்டரில் இடம் நிரம்பினால் பழைய பதிவு தானாக அழியும். ஒரு மாதம் தாங்கினால் அதிகம். பதிவு கேட்டு மனு கொடுத்தேன். 'மேல கேட்டுச் சொல்றோம்' என்றார்கள். மேலே என்றால் தாங்கள்தான்.

4. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனையானால் வண்டி அரசுடைமை. குற்றத்தை ஒப்புக்கொண்டு இணக்கக் கட்டணம் கட்டினால் வழக்கு நீதிமன்றம் போகாமலே முடியும், வண்டியும் திரும்பும். பறவையைக் கையில் வைத்திருந்தவர்தான் தன்னைக் குற்றமற்றவர் என்று நிரூபிக்க வேண்டும். சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. இருக்க வேண்டும். யார் மீது என்பதுதான் கேள்வி.

5. கைப்பற்றிய வலையை மூட்டையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கக் கோருகிறேன். நெடுக அறுபட்டிருக்கும். சொந்த வலையை எந்த வேட்டைக்காரன் அறுப்பான்? இந்த வெட்டுகளைப் பற்றி மகஜரில் ஒரு வரிகூட இல்லை.

6. வனச்சரக அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் சொன்னது: 'இன்னா தம்பி, நீ வேற சட்டம் பேசிகினு. வேட்டையாடினேன்னு ஒத்துக்கினு கட்டணத்தைக் கட்டச் சொல்லு. வண்டி நாளைக்கே வூட்டாண்ட கீது.' மாமாவின் மனைவி காந்திமதி அத்தையும் கட்டிவிடச் சொல்கிறார். 'கோழிங்களக் காப்பாத்தினல்ல? அதுங்களாண்டயே போய் சோறு கேளு' என்கிறார் மாமாவிடம். வண்டி இல்லாமல் வீட்டில் வருமானம் இல்லை; அவர் பேச்சில் தப்பில்லை. மாமா இதுவரை மறுத்து வருகிறார். 'ஒத்துக்கினா வண்டி வரும் மாப்ள. அப்பால எவன் வலை கட்டினாலும் என் வூட்டுக் கதவத்தான தட்டுவானுங்க' என்கிறார். எத்தனை நாள் மறுப்பார் என்று தெரியவில்லை.

7. ஆகவே கேமரா பதிவை உடனே எடுத்து வைக்கவும், வலையை நிபுணரைக் கொண்டு ஆய்வு செய்யவும், வலை கட்டியவர்களைத் தேடவும் உத்தரவிட வேண்டுகிறேன். இணக்க ஆணையில் கையெழுத்திடும் அதிகாரம் தங்களுக்கு உண்டு. மாமாவே வந்து கேட்டாலும் தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம். வழக்கு நீதிமன்றம் போகட்டும். குற்றம் நிரூபணமானால் முழுத் தண்டனை கொடுங்கள். சலுகை கேட்டு வரமாட்டோம்.

8. நேற்று ஜாமீன் நிபந்தனைக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாமா என்னுடன் கரை வழியே நடந்து வந்தார். அதே இடத்தில் புது வலை. உள்ளே மூன்று கோழிகள், உயிரோடு. அலுவலகத்துக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. கத்தி மாமாவின் இடுப்பில்தான் இருந்தது. அவர் பார்த்தார். தொடவில்லை. மறுபக்கம் திரும்பி நடந்துவிட்டார். நானும் போட்டோ மட்டும் எடுத்தேன். இணைத்துள்ளேன். இன்றைக்காவது ஆள் அனுப்புங்கள்.

இடம்: கருவேலேரி
நாள்: 28.11.2025

இப்படிக்கு,
சே. ஆல்வின்