பின்னிணைப்பில் ஒரு பூட்டு

மேலவாடி,
திருவையாறு வழி.
12-2-2024

அன்புள்ள மாப்பிள்ளை செழியனுக்கு,

சேரன் எழுதுவது. நானும் உன் அக்கா அம்சமும் நலம். அவள் என்னைவிட நலம். டெல்லிக் குளிரைப் பற்றி டி.வி.யில் என்ன சொன்னாலும் நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நம்புகிறேன்.

கவர் வாங்கத் தபாலாபீஸ் போனேன். யாருக்கு என்று தபால்காரர் ஃபாஜில் கேட்டார். மச்சினனுக்கு என்றேன். அவருக்குப் போன் இல்லையா என்றார். இருக்கிறது, ஆனால் அவர் ஒரு குழுவுக்குச் செயலர், நான் அதில் உறுப்பினர், வரைவு சம்பந்தமாக எதுவானாலும் எழுத்தில்தான் என்று உத்தரவு என்றேன். "நீங்க உறுப்பினரா?" என்று ஒரு பார்வை பார்த்தார் பார். அந்தச் சந்தேகம் எனக்கே உண்டு. உழவர் சங்கத்தில் வேறு யாருக்கும் டெல்லி ரயிலில் போய்வர நேரமில்லை. அதனால் நான் விவசாயிகளின் பிரதிநிதி. குழுவில் மற்றவர்கள் எல்லாம் கம்பெனிக்காரர்கள், பேராசிரியர்கள். சட்டைப் பையில் வைக்கோலோடு போய் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான்.

போனில் பேசாததற்கு இன்னொரு காரணம், பேசினால் உன் அக்கா காதில் விழும்.

வைக்கோல் கட்டும் மெஷினின் பாதுகாப்புத் தரநிலை வரைவை முழுக்கப் படித்தேன். டிராக்டரிலிருந்து மெஷினுக்குச் சுற்றல் கொடுக்கும் ஷாஃப்டுக்குக் குழாய் மாதிரி ஒரு மூடி இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறீர்கள். மூடி இப்போதும்தான் இருக்கிறது மாப்பிள்ளை. ஈர வைக்கோல் உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். டிரைவர் சுத்தம் செய்ய ஒருமுறை கழற்றுவார். திரும்ப மாட்ட மாட்டார். கண்ணுசாமி வண்டி மூடி அவர் வீட்டுக் கூரையில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாயாக இருக்கிறது. குழாயாக அது நன்றாகவே வேலை செய்கிறது. போன வருஷம் தை அறுப்பில் அது ஷாஃப்டின் மேல் இருந்திருந்தால், உதிரி வைக்கோல் பொறுக்கப் போன உன் அக்காவின் முந்தானையை ஷாஃப்ட் இழுத்திருக்காது. வலது கை முழங்கையோடு நின்றிருக்காது. கண்ணுசாமியைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. டெல்டாவில் எல்லா வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூடியைக் கழற்றினால் ஷாஃப்ட் சுற்றக் கூடாது. அதற்கு ஒரு பூட்டு, கட்டாயம். இது இல்லாமல் வரைவு வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். "இந்த வீட்டில் பின்னல் போட இரண்டு கை உள்ள ஆள் இப்போது நான் ஒருவன்தான்; இது யாருக்கும் நல்லதல்ல" என்று எழுதினேன். பொய்யில்லை. நான் போடும் பின்னல் மாட்டுக் கயிறு மாதிரி இருக்கிறது. அதோடு அவள் ரேஷன் கடைக்குப் போய்வருகிறாள் என்றால் அவள் தைரியம்தான்.

அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எந் தம்பி டெல்லியில சட்டம் போடுறான். இனிமே இந்த மெஷின் யாரு கையையும் இழுக்காது." சட்டம் இல்லடி, தரநிலை என்றேன். எழுதிப் போட்டால் இரண்டும் ஒன்றுதானாம்.

நீ அவளை ஆஸ்பத்திரியில் பார்த்ததுதான் கடைசி. ஒரு நடை வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் மாமா சேரன்

---

புது டெல்லி
8-4-2024

அன்புள்ள மாமாவுக்கு,

செழியன் வணக்கம். உங்கள் கருத்துக்குக் குழுவின் பதில் தனியாக வரும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். "பொது வகைக் கருத்து. குறித்துக்கொள்ளப்பட்டது" என்று வரும். படித்தோம், விவாதிக்கப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம்.

கோபப்படாதீர்கள். அளவும் சோதனையும் இல்லாத காரணத்தைத் தொழில்நுட்பக் கருத்தாக எடுத்துக்கொள்ள விதி இல்லை. ஷாஃப்டின் வேகம், பூட்டு எப்படி இருக்கலாம் என்று ஒரு படம், எங்கே என்ன விபத்து நடந்தது என்ற விவரம், இவற்றோடு மறுபடி அனுப்புங்கள். தஞ்சாவூரில் லியாகத் அலி ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் படம் போட்டுத் தருவார்.

செயலருக்கு ஓட்டும் கிடையாது, கருத்தும் கிடையாது. அம்சம் என் அக்கா என்று குழுவில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் நான் எழுதும் குறிப்பையே சந்தேகப்படுவார்கள். நீங்கள் வராத அந்தக் கூட்டத்தில் உங்கள் வரியை நான்தான் வாசித்தேன். பின்னல் என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வரப் பார்க்கிறேன்.

உங்கள் அன்பு,
செழியன்

---

மேலவாடி
2-5-2024

அன்புள்ள மாப்பிள்ளை,

லியாகத் அலி பாய் படம் போட்டார். வேகம், விபத்து விவரம் எல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டேன். இனி நான் தொழில்நுட்பம்.

உன் குழுவின் பதில் இந்த வீட்டுக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது. உன் அக்கா கடையில் கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னாள். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றேன். என்ன பாஷை இது என்றாள். டெல்லியில் ஒரு காரியத்தைச் செய்யப் போவதில்லை என்றால் இப்படித்தான் சொல்வார்கள் என்றேன். சிரித்தாள் மாப்பிள்ளை. தை அறுப்புக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். இப்போது நான் காபி கேட்டால் எனக்கும் அதே பதில். எனக்கு யார் போட்ட பதில் அது என்று மட்டும் நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பொது வகையிலிருந்து பதவி உயர்வு பெற்ற உன் மாமா

---

புது டெல்லி
19-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

வாக்கெடுப்பு முடிந்தது. எதிர்த்து வந்த ஓட்டு உங்களுடையது மட்டும்.

பூட்டு வைத்தால் மெஷினையே மாற்றி வடிவமைக்க வேண்டும் என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். கட்டாயமாக்கினால் விலை ஏறும், விவசாயியே வாங்க மாட்டார் என்கிறார் தலைவர். கடைசியில் ஒரு சமரசம். மூடி கட்டாயம். பூட்டு பின்னிணைப்புக்குப் போகும், பரிந்துரையாக. இதற்கு ஒத்துக்கொண்டு உங்கள் எதிர்ப்பை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். பெறாவிட்டால் வரைவு முழுவதும் மறுபடி முதலிலிருந்து வரும். பிரேக், எச்சரிக்கைப் பலகை, டிரைவர் இருக்கையிலிருந்தே நிறுத்தும் வசதி, எல்லாம் அதோடு நின்றுவிடும். அதுவரை எந்தத் தரநிலையும் இல்லாமலே மெஷின்கள் வயலில் இறங்கும்.

செயலராக இதைக் கேட்கிறேன். அக்காவின் தம்பியாக என்ன கேட்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

செழியன்

---

மேலவாடி
5-8-2024

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குறுவை வயலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சேரன் பொறுப்பான விவசாயி ஆகிவிட்டான் என்று ஊரில் பேச்சு. நான் களையைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பப் பெறுகிறேன். கையெழுத்துப் போட்ட படிவம் இதோடு இருக்கிறது.

நீ சொன்ன நியாயம் நியாயம்தான். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. உன் அக்கா தினமும் கேட்கிறாள், "தம்பி புஸ்தகம் வந்துருச்சா?" என்று. மறுபடி முதலிலிருந்து, இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. பார், ஊரில் பாதிப்பேர் என் வாய்க்குப் பயந்து தெருவை மாற்றி நடக்கிறார்கள்.

வந்து போ என்று எழுதினால் நீ என்ன பதில் போடுவாய் என்று தெரியும். அதனால் எழுதவில்லை.

உன் மாமா சேரன்

---

புது டெல்லி
20-1-2025

அன்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

தரநிலை வெளிவந்துவிட்டது. அக்கா கேட்ட புத்தகம் இதோடு வருகிறது. தமிழில் அச்சிட மாட்டார்கள் என்பதால் முக்கியமான பக்கங்களை நானே மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. கும்பகோணத்தில் பெண் அமைந்திருக்கிறது. பெயர் கனிமொழி. ஆவணியில் கல்யாணம் வைக்கலாம் என்கிறார் சித்தப்பா. அக்காவிடம் சொல்லுங்கள்.

செழியன்

---

மேலவாடி
9-2-2025

அன்புள்ள மாப்பிள்ளை,

கல்யாணச் செய்தி கேட்டு உன் அக்கா தெருவில் எல்லார் வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தாள். எனக்கு மட்டும் இல்லை. சுகர் இருக்கிறதாம் எனக்கு.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நீ மொழிபெயர்த்த பக்கங்களைப் படித்தாள். மூடி இருந்த இடத்தில் நின்றாள். பிறகு பூட்டைத் தேடினாள். கடைசிப் பக்கத்தில் கிடைத்தது. "விரும்பும் உற்பத்தியாளர்கள் பின்பற்றலாம்." இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் காளை மாட்டைப் பார்த்தேன். "கடைசியில இருந்தா என்ன, இருக்குல்ல," என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாளாம்.

உனக்கு மட்டும் ஒன்று, அவளிடம் சொல்லாதது. கண்ணுசாமி புது மெஷின் வாங்கியிருக்கிறார். உங்கள் முத்திரை பளபளக்கிறது. அவர் வீட்டுக் கூரையின் இன்னொரு மூலைக்கும் குழாய் கிடைத்துவிட்டது.

இன்னொரு விஷயம் உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சத்தியத்தை மீறுகிறவன் இல்லை, ஆனால் அதன் ஓரமாக நடந்து போகிறவன். உன் அக்கா தினமும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கம்பியில் சணலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இடது கை விரல்களால், வலது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. விழுந்தால் மறுபடி. பல்லால் இழுத்தால் சுலபம்தானே என்றேன். "மஞ்சக் கயித்துல வாய் படலாமா?" என்று கேட்டாள். இதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை ஆகப்போகிறவன், நீயே யூகித்துக்கொள். தாலியில் முதல் முடிச்சு நீ போடுவாய். அடுத்த இரண்டையும் போடுவது யார்?

உன் வரவை எதிர்பார்க்கும்,
மாமா சேரன்

---

புது டெல்லி
2-8-2025

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரிகையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பல நாள் தள்ளிப்போட்டேன்.

நாத்தனார் முடிச்சை இசைவாணி போடட்டும் என்று சித்தப்பா சொல்கிறார். அவர் மகளும் எனக்குத் தங்கைதானே. பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சரி என்றேன். மண்டபம் நிறைய ஆட்கள், வீடியோ, எல்லார் கண்ணும் அக்கா கையில்தான் இருக்கும். முடிச்சு நழுவினால் சிரிப்பவர்களும் இருப்பார்கள். அவள் அங்கே தடுமாறுவதை நின்று பார்க்க என்னால் முடியாது மாமா. ஆஸ்பத்திரியில் பார்த்ததையே இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஊருக்கு வராததற்கும் அதுதான் காரணம், உங்களுக்குத் தெரியாததில்லை.

அக்காவுக்கு நல்ல பட்டு எடுத்துப் பத்திரிகையோடு அனுப்பியிருக்கிறேன். அவள் விரும்பினால் மேடையில் நிற்கலாம். நீங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

செழியன்

---

மேலவாடி
14-8-2025

செழியனுக்கு,

பத்திரிகையும் பட்டும் கடிதமும் வந்தன. நீ பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். கடிதம் வந்தபோது நான் வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபாஜில் அதை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வந்து பார்த்தால் உன் அக்கா கவரைப் பிரித்து வைத்துக்கொண்டு, கண்ணாடி எங்கோ வைத்துவிட்டேன், நீங்களே படித்துக்காட்டுங்கள் என்றாள். தம்பி கையெழுத்து என்று முகமெல்லாம் சந்தோஷம். படித்துக்கொண்டே மாற்றிச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். இத்தனை வருஷம் கதை அளந்தவனுக்கு அன்றைக்கு ஒரு பொய் வரவில்லை.

முழுவதும் கேட்டாள். கடைசிக்கு வந்ததும், "அந்த வரிய திருப்பிப் படிங்க," என்றாள்.

"அவள் விரும்பினால் மேடையில் நிற்கலாம்."

புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் பார்த்தாள், எடுக்கவில்லை. உனக்குத் தாய் இல்லாத நாளில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் அவள். அதையெல்லாம் சொல்லி உன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் நன்றாக இருந்திருக்கும், கூடச் சேர்ந்து இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். எழுந்து போய்க் கோழிக்குத் தவிடு வைத்தாள்.

சாயங்காலம் என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். "குறிச்சுக்கிட்டோம்னு எழுதிடுங்க," என்றாள். சிரிக்கவில்லை.

பட்டு நல்ல பட்டு. அவளிடம் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு வருவோம். கீழே உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மத்தியானப் பஸ்ஸில் திரும்பிவிடுவோம். மேடைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்ப வேண்டாம். இசைவாணி நல்ல பெண். முடிச்சை இறுக்கமாகப் போடச் சொல்.

வைகாசி வரைக்கும் அவள் கட்டிப் பழகியது சணல். அப்புறம் பெரிய கோயில் வாசலில் போய் மஞ்சள் கயிறு வாங்கிவந்தாள். நேற்று ஜன்னலைச் சாத்த முடியாமல் கம்பியைப் பார்த்தேன். கதவை மறித்துக்கொண்டு அதில் மஞ்சள் கயிறு, இரண்டு முடிச்சு. மழைச் சாரல் உள்ளே அடிக்கிறதே என்று அவிழ்க்க உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு கையும் இருக்கிறது. அவிழவில்லை.

சேரன்