அப்பாவின் இடப்பக்கம்

சைதாப்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி தமிழ்மாறனுக்கு,

அக்கா மணிமொழி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். டொரண்டோவில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு முட்டி வலி குறையவில்லை. கொட்டிவாக்கம் பட்டறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு யானைத் தலைகள் செய்கிறோம். வார்ப்புக்கு ஊற்றும் ரெசின் பிசின் வாடை என் தலைமுடியை விட்டுப் போவதே இல்லை. முன்பெல்லாம் வேலை முடிந்தால் கடற்கரை வரை நடப்பேன். இப்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

நீ கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய அப்பாவின் தலையை 3டி பிரிண்டரில் உருவமாகவே பிரிண்ட் எடுத்தேன். வரிவரியாக இருந்ததைத் தேய்த்து வழவழப்பாக்கி, சிலிக்கானில் அச்செடுத்தேன். வெண்கலத் தூளை ரெசினில் குழைத்து அச்சின் உட்புறம் பூசி, பின்னால் கல் மாவு கலந்த ரெசினை ஊற்றினேன். வெளியே எடுத்தபோது காய்ந்த சேறு போல இருந்தது. எஃகு நாரால் தேய்க்கத் தேய்க்கத்தான் வெண்கலம் மேலே வந்தது. மூக்கு, நெற்றி, காது எல்லாம் அப்பா. கூட வேலை செய்யும் அதீபா, "இன்னாக்கா, உங்க நைனா கல்யாண போட்டோலேர்ந்து எறங்கி வந்த மாதிரி கீறாரு!" என்று சிரித்தாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பாவின் முதல் வருஷ நினைவுப் படையலுக்கு நீ வர முடியாவிட்டாலும் உன் கை செய்தது இருக்க வேண்டும் என்பதுதானே நம் ஏற்பாடு.

அம்மா அதைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு முந்தானையைச் சுருட்டி, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தினமும் செய்த மாதிரியே, உதட்டின் இடது ஓரத்தைத் துடைக்கப் போனாள். அங்கே உதடு நேராக இருந்தது. கையை எடுத்துவிட்டாள். "இது யாரு வூட்டு ஆளு? அவரு வாயி இப்டியா இருந்துச்சு? இதுக்கு நான் சோறு வைக்க மாட்டேன், எட்த்துக்கினு போ" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

உன்மேல் தப்பில்லை. நீ போன பிறகுதான் அவருக்கு வாதம் வந்தது. நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அவராகவே தலையைத் திருப்பி வலப்பக்கத்தைக் காட்டுவார். "புள்ள அங்க தனியா கீறான், இத்தப் பாத்தா அழுவான்" என்று போனை வைத்த பிறகு எங்களிடம் சொல்வார். அதுவும் பாதி குழறும். காரியத்துக்கும் உனக்கு விசா சரிப்படவில்லை. ஆக, உனக்குக் கிடைத்தது அந்த ஒரு பக்கம். அதையே கண்ணாடி போலத் திருப்பி மறுபக்கத்துக்கும் போட்டிருக்கிறாய். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நேற்று அம்மாவை ஆட்டோவில் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். பிரிண்ட் எடுத்த தலையின் இடப்பக்கத்தில், களிமண் போலக் குழையும் பட்டியை அப்பி அவள் முன்னால் வைத்தேன். கட்டைவிரலால் உதட்டோரத்தைக் கீழே இழுத்தாள். கன்னத்தைத் தொங்கவிட்டாள். இமையைப் பாதி இறக்கினாள். ஒரு தடவை அதிகமாக இழுத்துவிட்டு, "அவ்ளோ கோணல் இல்ல, என் ராசா" என்று அதனிடமே சொல்லித் திருத்தினாள். அதீபா வெளியே போய் நின்றுகொண்டாள். நான் பட்டியைக் குழைத்துக் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

இந்த முகத்தைத்தான் வார்க்கப்போகிறேன். அதன் முன்னால்தான் அம்மா இலை போடுவாள். கார்த்திகைப் படையலை வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். வேண்டாம், தம்பி. அவர் உனக்குக் காட்டாமல் வைத்திருந்ததை நான் போனைப் பிடித்துக் காட்ட மாட்டேன். விசா இப்போது சரியாகிவிட்டது என்றாயே. லீவுக்கு இன்னொரு முறை கேட்டுப் பார்.

அம்மா உன்னை வரச் சொல்லி எழுதச் சொல்லவில்லை. அவளுடைய ஆசி உனக்கு எப்போதும் உண்டு. வந்து, அப்பாவின் இடப்பக்கமாக உட்கார்.

உன் அக்கா,
மணிமொழி