கவிதாவின் கிருமியில்லா மீன்கள்

செவ்வாய், இரவு.

ஆய்வகத்தில் கிருமியே இல்லாமல் வரிக்குதிரை மீன்குஞ்சுகளை வளர்க்க நானும் கவிதாவும் ஒன்றாகத்தான் தொடங்கினோம். என்னுடையதில் மூன்று முறையும் கிருமி புகுந்துவிட்டது. அவளுடையவை சுத்தமாக நீந்துகின்றன. இனி மோரிலுள்ள நுண்ணுயிரைக் கொடுத்து, குடலில் என்ன நடக்கிறதென்று பார்ப்பாளாம். பேராசிரியர் என் எதிரிலேயே அவளைப் பாராட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் ஊருக்கு, எருமப்பட்டிக்குக் கிளம்பும்போது கவிதா, "அக்கா, இன்னைக்கு மட்டும் என்ற குஞ்சுகளுக்குத் தண்ணி மாத்தி உட்டுருங்க. உங்களைத்தானுங்க நம்ப முடியும்" என்றாள்.

மாற்றினேன். கிருமி புகுந்த என் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தால் போதும், எல்லாம் பாழ் என்று நினைத்தபடியேதான் மாற்றினேன். விடவில்லை, சத்தியமாக.

சற்றுமுன் போனில் கேட்டாள். "மாத்திட்டேன் சாமி" என்றேன்.

தண்ணீர் மாற்றும்போது கையுறை போட்டிருந்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.